யாருக்கு வேண்டும் வியாழன்?

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த தடவை அவர் வீட்டில் காப்பி கிடைக்காது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்லவர். ஏழை ஜனங்கள் மீது அவருக்கு அபாரமான இரக்கம். அந்த இரக்கம் மற்ற நாட்களில் எங்கே படுத்துக் கிடக்கிறதென்று தெரியாது. யாராவது புத்தகசாலை திறந்தாலும், கச்சேரி வைத்தாலும், ராக்கெட் விட்டாலும் உடனே எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

2025-ஆம் ஆண்டு ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் கல்வராயன் மலைக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஆசிரியராக இருக்கும் இளைஞர் ஒருவர், தம் பள்ளிப் பிள்ளைகளிடம் வந்து ஏதாவது பேச வேண்டுமென்று எழுதியிருந்தார். "என்ன பேசப் போறீங்க?" என்று நண்பர் கேட்டார். அந்த நாட்களில் நான் வியாழன் கிரகத்தின் துருவங்களில் சுழலும் புயல்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மனம் முழுக்க அதுவே நிறைந்திருந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன் என்றேன்.

நண்பர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன் ஸார், உங்களுக்கே இது நல்லா இருக்கா? மலை மேலே எத்தனையோ ஊருக்கு ரோடு கிடையாது. உடம்புக்கு முடியலேன்னா டோலி கட்டித் தூக்கிட்டு வர்றாங்க. கார்த்திகையிலே அடிச்ச புயல்லே இருந்த பாதையையும் பல இடத்திலே மழை அரிச்சுட்டுப் போச்சு. அவங்ககிட்டே போய், வியாழன்லே புயல் அடிக்குதுன்னு கதை சொல்லப் போறீங்களா? யாருக்கு வேணும் ஸார் வியாழன்?"

எனக்கு அன்று பதில் வரவில்லை. காரணம், அவர் பேசியது என்னுடைய வசனம். இருபது வருஷங்களுக்கு முன்னால் ஒரு கல்லூரி மேடையில், "வயிறு காய்கிறவனுக்கு வானம் எதற்கு?" என்று முழங்கிக் கைதட்டல் வாங்கியவன் நான். அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது. இந்தக் கட்டுரை நண்பருக்குச் சொல்லும் பதில் மட்டுமல்ல. அந்தக் கைதட்டலுக்கு நான் செய்துகொள்ளும் பிராயச்சித்தமும்கூட.

முதலில் விஷயம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன்.

வியாழன், குறுக்களவில் பூமியைப் போலப் பதினொரு மடங்கு பெரிய கிரகம். கால் வைத்து நிற்கத் தரை கிடையாது, வாயுவும் திரவமும்தான். பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிவிடும். சூரியனைச் சுற்றிவரச் சுமார் 12 வருஷம் எடுத்துக்கொள்ளும். 1610-இல் கலிலியோ தம்முடைய சின்னஞ்சிறு தொலைநோக்கியில் அதன் நான்கு சந்திரர்களைக் கண்டார். அதற்குப் பிறகு நானூறு வருஷ காலம் உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தும், பூமியிலிருந்து யாராலும் சரியாகப் பார்க்க முடியாத இடம் ஒன்று அதில் இருந்தது. அதுதான் அதன் துருவம். நம் பூமியின் அச்சு இருபத்து மூன்றரை டிகிரி சாய்ந்திருக்கிறது. வியாழனுக்கோ மூன்றே டிகிரி. ஆகையால் அது நமக்கு எப்போதும் இடுப்பையே காட்டிக்கொண்டு சுழல்கிறது. குனிந்து உச்சந்தலையைக் காட்டுவதில்லை.

அந்த உச்சந்தலையைப் பார்ப்பதற்கென்றே ஜூனோ என்ற விண்கலம் 2011 ஆகஸ்டில் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, 2016 ஜூலையில் வியாழனை அடைந்தது. துருவத்துக்குத் துருவம், மேலிருந்து கீழாக அதைச் சுற்றியது. அதில் இத்தாலிக்காரர்கள் செய்து கொடுத்த ஒரு கருவி, அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்தது.

அகச்சிவப்பு என்றதும் வாசகர்கள் பயந்து பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நெருப்பை அணைத்த பிறகு இருட்டில் அடுப்பின் அருகே போங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கன்னத்தில் மட்டும் சூடு வந்து படும். கண்ணுக்குத் தெரியாமல் கன்னத்துக்குத் தெரிகிற அந்த ஒளிதான் அகச்சிவப்பு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டைக் கண்ணாடியில் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், வெறும் இருட்டாகத் தெரிந்த இடத்தில் வெப்பமானியை வைத்தார். வெப்பமானி ஏறிற்று. அங்கேயும் ஒளி இருக்கிறதென்று அன்றுதான் மனிதன் தெரிந்துகொண்டான்.

வியாழன் பிறந்தபோது அதன் வயிற்றில் தங்கிய சூடு இன்னும் ஆறவில்லை. அது மேகங்களின் சந்துகளில் கசிந்துகொண்டே இருக்கிறது. ராத்திரியில் ஓலைக் குடிசைக்குள் விளக்கு எரிந்தால், கீற்று மெலிந்த இடத்தில் வெளிச்சம் பளிச்சிடும். தடித்த இடம் இருண்டிருக்கும். அதே கணக்குத்தான். இந்தக் கண்ணுக்குச் சூரிய வெளிச்சம் தேவையில்லை. பாதி இருட்டில் கிடந்த துருவத்தை இது முழுசாகப் பார்த்தது.

பார்த்தது என்ன? வடதுருவத்தில் நடுவே ஒரு பெரும் புயல். அதைச் சுற்றி எட்டுப் புயல்கள். தென்துருவத்தில் நடுவே ஒன்று, சுற்றி ஐந்து. மார்கழி மாதத்தில் வாசலில் புள்ளி வைத்தாற்போல வரிசை. ஒவ்வொன்றின் அகலமும் நாலாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. கன்னியாகுமரி முதல் காஷ்மீர் வரை ஒன்றுக்குள்ளேயே அடங்கிவிடும். சில இடங்களில் காற்று மணிக்கு 350 கிலோமீட்டர் வேகம். இந்தக் கண்டுபிடிப்பு 2018 மார்ச்சில் வெளியாயிற்று. அதற்குப் பின்னும் வருஷக்கணக்காக அந்தப் புயல்கள் ஒன்றையொன்று விழுங்காமல், கலையாமல், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன.

இதனால் நமக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சுலபமான பதில் உண்டு. நண்பர் சொன்ன கார்த்திகைப் புயலின் பெயர் ஃபெஞ்சல். 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறி, எழுந்துபோக மனமில்லாத விருந்தாளியைப் போல அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரு நாளும், கல்வராயனுக்கு வடமேற்கே ஊத்தங்கரையில் மறுநாளும், ஐம்பது சென்டிமீட்டரையொட்டி மழை கொட்டிற்று. தென்பெண்ணை கரை புரண்டது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். நஷ்டம் பெரிதுதான். ஆனால் அந்தப் புயல் கடலில் கருக்கொண்ட நாளிலிருந்து, நள்ளிரவிலும் கண் கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது எது? நம்முடைய இன்சாட் கோள்களில் இருக்கும் அகச்சிவப்புக் கண். வியாழனின் துருவத்தை ஜூனோ பார்த்ததும் இந்த வகைக் கண்ணால்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட இரவில் நமக்கென்று வானத்தில் ஒரு கண்ணும் இல்லை. ரயிலோடு ஜனங்கள் போனார்கள்.

இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். நண்பரும் வாயடைத்துப் போவார். ஆனால் இதோடு நிறுத்த எனக்கு இஷ்டமில்லை. பிரயோஜனத்தைக் காட்டி வியாழனுக்கு ஜாமீன் வாங்குவது, நண்பரின் கட்சியை நான் பாதி ஒப்புக்கொண்டதாகும். ஏழைக்குச் சோறும் ரோடும் மட்டும் போதும், ஆச்சரியப்படுவதெல்லாம் நமக்கு என்பதுதான் அவருடைய கட்சி. அந்தக் கட்சியை நான் அடியோடு மறுக்கிறேன்.

ரோடு வேண்டும்; அதில் எனக்கும் அவருக்கும் தகராறு இல்லை. ஆனால் மலைக்கு வரவேண்டிய ரோட்டை வழியில் மறித்தது யார்? வியாழனா? கல்வராயன் மலை 1976 வரையில் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தது. சுதந்தரம் வந்து கிட்டத்தட்ட முப்பது வருஷம் கழித்துத்தான் சர்க்கார் மலையேறிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். அதன் பிறகு சென்னை உயர் நீதிமன்றம், கல்வராயன் மலை ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இத்தனை காலமும் மலையை மறந்திருந்தவர்கள் தொலைநோக்கியில் கண் வைத்திருந்ததாலா மறந்தார்கள்? நானும் நண்பரும் எதில் கண் வைத்திருந்தோம்? வியாழனைப் பற்றிய பேச்சு வந்த அன்றுதான் மலை ஜனங்களின் ஞாபகமே எங்களுக்கு வந்தது. வேறொருவர் வாயை அடைப்பதற்கு மட்டும் ஏழையை எடுத்து உபயோகிப்பதற்குப் பெயர் இரக்கம் அல்ல.

இன்னொரு வேடிக்கை. நண்பருக்கு வியாழன் வேண்டாம் என்பதும் நிஜமல்ல. 2024 மே முதல் தேதி குருபகவான் மேஷத்திலிருந்து ரிஷபத்துக்குப் பெயர்ந்தபோது, அவர் வேன் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஆலங்குடிக்குப் போய்வந்தார். மஞ்சள் வஸ்திரம், கொண்டைக்கடலை மாலை, அர்ச்சனை எல்லாம் முறைப்படி நடந்தன. அவர் பக்தியை நான் பழிக்கவில்லை; அது அவரவர் மனசு. ஆனால் அன்றைக்கு மலையில் டோலி கட்டித் தூக்கி வரும் நோயாளியின் ஞாபகம் அவருக்கு வரவில்லையே, ஏன்? தம் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் வியாழன் அவருக்கு வேண்டியிருக்கிறது. மலைவாசியின் குழந்தை பார்த்து ஆச்சரியப்படும் வியாழன் மட்டும் வீண் செலவாகப் படுகிறது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம், ரோகிணி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், ரிஷபத்திலேயே, அவர் வீட்டு மொட்டை மாடிக்கு மேல் குருபகவான் ஜொலித்துக்கொண்டுதான் இருந்தார். நண்பர் அண்ணாந்து பார்க்கவில்லை. ஜாதகக் கட்டத்துக்குள் அவரைப் பார்த்தே பழகிவிட்டது.

நிற்க. மறுநாள் நான் மலைக்குப் போனேன்.

அந்த இளம் ஆசிரியர் தம் சம்பளத்தில் ஒரு சிறிய தொலைநோக்கி வாங்கி வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு முன்னால், மரவள்ளிக் காட்டை அடுத்த வெட்டவெளியில் அதை நிறுத்தினார். தை மாதக் குளிர். கீழே கள்ளக்குறிச்சியில் தெரு விளக்குகளுக்கு அஞ்சி ஒளிந்துகொள்ளும் நட்சத்திரங்கள் அங்கே உப்பைக் கொட்டினாற்போல் கிடந்தன. பிள்ளைகள் துண்டையும் போர்வையையும் சுற்றிக்கொண்டு வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். ஒரு சிறு வட்டம். அதன் குறுக்கே மங்கலாக இரண்டு பட்டை. பக்கத்தில் சந்திரர்கள் புள்ளி புள்ளியாக. அவ்வளவுதான் அதில் தெரியும்.

பன்னிரண்டு வயசிருக்கும் ஒரு பெண், மற்றவர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்று முதுகில் இடிக்க இடிக்க, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "நடுவுலே கோடு தெரியுது ஸார். மேலேயும் கீழேயும் என்னா இருக்கு?" என்றாள்.

நானூறு வருஷக் கேள்வி! எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜூனோவின் கதையைச் சொன்னேன். எட்டும் ஒன்றும், ஐந்தும் ஒன்றுமாகச் சுழலும் புயல்களைக் குச்சியால் மண்ணில் வரைந்து காட்டினேன். அவள் குந்தி உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்தப் புயலெல்லாம் எங்கே கரையைக் கடக்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "அங்கே கரையே கிடையாதம்மா" என்றேன்.

"அப்போ எப்படி ஸார் ஓயும்?"

என் சிரிப்பு நின்றுவிட்டது. வாசகர்களே, இந்தக் கேள்வியைத்தான் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பூமியின் புயலும் தன் போக்கில் துருவத்தை நோக்கி நகரப் பார்க்கும். ஆனால் நடுவழியில் தரை குறுக்கிடும், அல்லது கடல் குளிர்ந்துவிடும், புயல் செத்துப்போகும். வியாழனில் குறுக்கிட ஒன்றுமில்லை. புயல்கள் துருவம் வரை போய்ச் சேருகின்றன. சேர்ந்தவை ஏன் ஒன்றாகிவிடவில்லை? ஒவ்வொன்றையும் சுற்றி எதிர்த்திசையில் ஓடும் காற்று வளையம் ஒன்று வேலி போல் நின்று தடுக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள். அவற்றுக்குத் தீனி எங்கிருந்து வருகிறது? 2022-இல் லியா சீகல்மன் என்ற கடலியல் ஆராய்ச்சியாளர், நம் கடலின் சுழிகளைப் படிக்கும் முறையை அந்த அகச்சிவப்புப் படங்களின் மேல் பிரயோகித்துப் பார்த்தார். ஈரக்காற்று சூடேறி மேலே எழுவதுதான் அந்தப் புயல்களுக்குத் தீனி என்று காட்டினார். ஆகக் கடலைப் படித்தவர் வியாழனுக்கு வழி சொன்னார். ஃபெஞ்சலில் நனைந்த சிறுமி அதே வியாழனிடம் சரியான கேள்வியைக் கேட்டாள். அவளுக்கு இது வேண்டாமென்று தீர்மானிக்க நானும் என் நண்பரும் யார்?

பக்கத்தில் கம்பளி போர்த்தி நின்ற ஒரு பெரியவரிடம், கீழே என் நண்பர் சொன்னதைச் சொன்னேன். "உங்களுக்கு ரோடுதான் வேணும், இதெல்லாம் எதுக்குன்னு கேக்கறாங்க, பெரியவரே" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ரோடு வேணும்னு மனு குடுத்தது நாங்கதானுங்க, சாமி. வானத்தைப் பாக்க வேணாம்னு நாங்க யாரும் மனு குடுக்கலீங்களே!" என்றார்.

இதெல்லாம் அமெரிக்கா, இத்தாலி சமாசாரம், நமக்கும் இதற்கும் என்ன ஒட்டு என்று இன்னும் சிலர் கேட்கக்கூடும். அவர்களைத் தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம் அழைத்துப் போகிறேன். இந்தக் கரையில் கல்வராயன் என்றால் அந்தக் கரையில் ஜவ்வாது மலை. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி ஜனங்களே அங்கேயும் வாழ்கிறார்கள். அந்த மலையில் காவலூர் என்று ஒரு கிராமம். கொடைக்கானல் வானம் நட்சத்திர ஆராய்ச்சிக்குச் சரிப்படாதென்று கண்ட வைணு பாப்பு, தெற்கே பல இடங்களைத் தேடி, கடைசியில் காவலூரைத் தேர்ந்தெடுத்து 1960-களின் பிற்பகுதியில் அங்கே வானாய்வு நிலையத்தை நிறுவினார். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அந்த வருஷமே, வியாழனின் சந்திரர்களில் ஒன்றான கனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்த வேளையில் அதை உற்றுப் பார்த்து, கனிமீடுக்கு மெல்லிய காற்று மண்டலம் இருக்கக்கூடுமென்ற தடயத்தை அங்கிருந்து கண்டார்கள். 1977-இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. பிறகு நம் நாட்டிலேயே உருவாக்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்டு, 1982-இல் காலமாகிவிட்ட பாப்புவின் பெயரைப் பெற்றது. வியாழன் வெளிநாட்டுச் சரக்கல்ல, ஐயா! சாமையும் கடுக்காயும் விளைகிற நம் மலையிலிருந்து அதன் சந்திரனைக் கணக்கெடுத்திருக்கிறோம்.

அப்படியிருக்க, கல்வராயன் பிள்ளைகளில் எத்தனை பேரைக் காவலூருக்கு அழைத்துப் போயிருக்கிறோம்? நான் கேட்பது பெரிய காரியமல்ல. மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் இரவிலும் அங்கேயே தங்குகிறார்கள். வானமோ கைக்கெட்டுகிற மாதிரி இருக்கிறது. பள்ளிக்கு ஒரு சிறிய தொலைநோக்கி, அதைப் பிடித்துக் காட்டத் தெரிந்த ஓர் ஆசிரியர், வருஷத்துக்கு ஒருமுறை காவலூருக்கு ஒரு பஸ். ஆலங்குடிக்கு வேனில் குடும்பத்தோடு போய்வரும் செலவை நாலு கனவான்கள் சேர்ந்து கொடுத்தால், ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தொலைநோக்கி வந்துவிடும். ரோட்டுக்கான மனுவை அதற்காகக் கிழித்துப்போட வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்தே கேட்போம். ரோடு போட்டால் அந்தச் சிறுமி கீழே இறங்கிப் படிக்க வருவாள். ஆனால் எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று அவள் இறங்கி வருவாள்? அதை அவளுக்குக் கொடுத்தது ரோடு அல்ல. அன்றைக்கு ராத்திரி அவள் பார்த்த அந்தச் சின்ன வட்டம்.

மலையிலிருந்து திரும்பியதும் நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். சிறுமியின் கேள்வியைச் சொன்னபோது அவர் முகம்கூட மலர்ந்தது. "அட!" என்றார். நான் இதுதான் சமயமென்று, "அடுத்த வாரம் மறுபடி போகிறேன், நீங்களும் வாருங்கள். உங்கள் குருபகவானை நேரிலேயே காட்டுகிறேன்" என்று அழைத்தேன்.

முப்பது வருஷமாகக் கள்ளக்குறிச்சியில் குடியிருக்கிறார். அத்தனை வருஷத்தில் அவர் மலையேறியது இரண்டே தடவை. இரண்டும் அருவியில் குளிக்க. இப்போது சிறிது நேரம் யோசித்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"வரலாம் ஸார்... ஆனா ரோடு சரியில்லையே!"